ராயபுரத்துக்குப் போன சிபாரிசு

மண்ணூர் பாய்ஸ் கால்பந்துக் குழுவில் பாய்ஸ் என்று சொல்லத்தக்கவர்கள் இரண்டே பேர். மற்ற ஒன்பது பேருக்கும் கல்யாணமாகி, அதில் ஒருத்தர் மகளுக்கே மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். ஆனாலும் பெயர் பாய்ஸ்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் குழுவின் மேனேஜர் தமிழ்வாணனும் மேனேஜர் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து ஸ்பிரிங் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு லீவு, யார் லேட் என்று எழுதிவைக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை மைதானத்தில் விசிலை வாயில் வைத்தால் மட்டும் மேனேஜர். ஒருமுறை கம்பெனியின் அசல் மேனேஜர் காரை நிறுத்தி ஆட்டம் பார்க்கப்போய், பாய்ஸ் தோற்றுக்கொண்டிருந்த நேரமாதலால் "மேனேஜர் ஒழிக!" என்று ஊரே கத்துவதைக் கேட்டு, மறுநாள் யூனியன்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு.

அப்பேர்ப்பட்ட தமிழ்வாணனை மெட்ராஸ் ராயபுரம் ரோவர்ஸ் கூப்பிட்டுவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அவர் மண்ணூரை விட்டுப் போகிறார் என்ற செய்தி, தொண்ணூற்றொன்றாம் வருஷம் செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, முதல் ஷிப்ட் விட்ட நேரத்தில், கூட்டு ரோடு கங்கம்மாள் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. கடையில் இரண்டு பெஞ்ச். வாக்குவாதம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷத்தில் இடது பெஞ்ச் "போகக் கூடாது" பெஞ்ச் ஆகவும், வலது பெஞ்ச் "போகட்டும்" பெஞ்ச் ஆகவும் பிரிந்துவிட்டன. மனசு மாறியவர்கள் டீ கிளாஸோடு எழுந்து எதிர்ப் பெஞ்சுக்குப் போனார்கள். ஒருத்தர் இரண்டு முறை போய்த் திரும்பி, கடைசியில் நின்றுகொண்டே குடித்தார்.

இடது பெஞ்சுக்குத் தலைவர் ஃபிட்டர் கோபால். குழுவின் செயலாளரும் அவர்தான்.

"துரோகம்பா இது! பன்னண்டு வருசமா நம்ம ஊரு மண்ணுல நின்னுகினு, நம்ம வூட்டு மோரைக் குடிச்சிகினு, இப்ப பெரிய டீமு கூப்ட்டா ஓடிர்றதா? இன்னா நாயம் இது?"

வலது பெஞ்சில் கண்டக்டர் சுப்பராயன். டியூட்டி முடிந்தும் காக்கிச் சட்டையைக் கழற்றாத ஆள். "அவரு இன்னா ஒனக்குத் தாலி கட்டுனாரா, வுட்டுட்டு ஓடிட்டார்னு அழுவுறே? ஒன்னை மெட்ராஸ் கம்பெனில சூப்பர்வைசரா கூப்ட்டா நீ போவமாட்டே?"

"என்னை எவன் கூப்ட்டான்?"

"அதான் ஒனக்கு எரிச்சலு."

"தே, டீயைக் குடிச்சிட்டு அடிச்சிக்கோங்கப்பா" என்றாள் கங்கம்மாள். "ஆறிப்போச்சின்னு மாத்திக் கேட்டா தரமாட்டேன்."

இந்த இரண்டு பெஞ்சுக்கும் நடுவில், கூரைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, வலது முட்டியில் எண்ணெய்த் துணி சுற்றிய ஒருவன் நின்றிருந்தான். பெயர் எல்லப்பன். அதே கம்பெனியில் பிரஸ் ஷாப், அதாவது இரும்புத் தகட்டை மிஷினில் அழுத்துகிற பகுதி. முப்பத்தொன்பது வயசு. பதினான்கு வருஷம் மண்ணூர் பாய்ஸின் கோல்கீப்பராக இருந்தவன். இருந்தவன் என்று சொல்வதற்குக் காரணம் தமிழ்வாணன்தான். ஜூலை மாதம் எல்லப்பனை நிறுத்திவிட்டு ரகு என்கிற இருபத்திரண்டு வயசுக்காரனை கோலில் நிற்கவைத்தார். ஆகவே இந்த விஷயத்தில் எல்லப்பன் என்ன சொல்லப்போகிறான் என்று இரண்டு பெஞ்சும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தன.

"போவட்டும்பா!" என்றான் எல்லப்பன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான். "நல்லா போவட்டும். பெரிய மனுசன், பெரிய எடத்துக்குப் போறாரு. நாம இன்னா தடுக்கிறது? நாளைக்கே போனாலும் சரி. தோ, பஸ்சு கூட வருது."

சொல்லிக்கொண்டே கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினான். நின்றது பால் வேன். டிரைவர் என்ன வேண்டும் என்று கேட்க, எல்லப்பன் கண்ணைக் கசக்கி, "இந்த லாரிப் புழுதில ஒரு மண்ணும் தெர்ல" என்றான். அந்த ரோட்டில் கம்பெனி லாரிகள் ஓட ஆரம்பித்ததிலிருந்து அவன் எல்லாவற்றுக்கும் புழுதியைத்தான் குறை சொல்லிவந்தான்.

அந்த வருஷம் மே மாதம் பக்கத்தூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பக்கத்தில் பத்து பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் ஜீப் நின்றுவிடும். அன்றும் நின்றது. ஏட்டு இறங்கி, "இன்னாய்யா கூட்டம்?" என்றார்.

"மேனேஜர் போறாரு சார்" என்றார் கோபால்.

"எந்த மேனேஜரு? ஸ்ட்ரைக்கா?"

விளக்கிச் சொல்லப்பட்டது. ஏட்டு தொப்பியைக் கழற்றி யோசித்தார். தமிழ்வாணன் போனால் பக்கத்து ஊர் சேரப்பணஞ்சேரிக்காரன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானே என்று கேட்டுவிட்டு இடது பெஞ்சில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து ஜீப் டிரைவர் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

போகிற போக்கில் சுப்பராயன் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். "ஒரு விசயம் தெரியுமா? ரோவர்ஸ்காரனுங்க சும்மா கூப்டல. நம்மூருலேந்து எவனோ லெட்டர் போட்டுக்கிறான். மூணு பக்கம். அதைப் பாத்துட்டுதான் அவங்க செக்ரட்டரி போன மாசம் வந்து மேட்ச் பாத்துட்டுப் போயிக்கிறாரு. கங்கம்மா, வெள்ளை வேட்டி கட்டிகினு ஒர்த்தரு வந்து சக்கரை கம்மியா டீ கேட்டாரே, அவருதான்."

கோபால் எழுந்து நின்றார். "எவன்? எவன் எழுதுனது? நம்ம டீமை நம்மாளே காட்டிக் குடுத்தானா? அவன் மட்டும் கையில கெடைக்கட்டும், எழுதுன கைய ஒடிக்கிறேன்!"

எல்லப்பன் தன் வலது கையை மெதுவாக லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டான்.

ஆமாம், எழுதியது அவன்தான்.

நடந்தது இதுதான். ஜூலையில் சேரப்பணஞ்சேரியிடம் மூன்றுக்கு பூஜ்யம் என்று பாய்ஸ் தோற்றது. மறுநாள் வருகைக் கார்டு பஞ்ச் அடிக்கிற இடத்தில் தமிழ்வாணன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லப்பா, இனிமே ரகு நிக்கட்டும்" என்றார். ஒரே வரி. ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஊர்க்காரர்கள் முட்டி என்றார்கள். எல்லப்பனும் முட்டி என்றே நினைத்து எண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டான். ஆனால் முட்டிக்காக ஒரு மனுஷனை இப்படி நிறுத்துவார்களா? நாலு நாள் சோறு இறங்கவில்லை. அந்தக் கோல்கம்பங்களுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தவன் அவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை இல்லாமல் கோட்டுக்கு வெளியே நிற்பது அவனுக்கு வேட்டி இல்லாமல் நிற்பதாக இருந்தது. கோபால்தான் தோளில் கைபோட்டு, "நான் மேனேஜரா வந்தா கோல்போஸ்ட் ஒனக்குதான்" என்றார். அது எல்லப்பன் மனசில் பதிந்துவிட்டது. கோபால் வரவேண்டுமானால் தமிழ்வாணன் போக வேண்டும். திட்டி எழுதினால் எவன் மதிப்பான்? புகழ்ந்து எழுதினால் பெரிய டீம் கொத்திக்கொண்டு போய்விடும். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, மறுநாள் கேண்டீனில் உட்கார்ந்து எழுதினான்.

எல்லப்பனுக்கு எழுதத் தெரிந்த கடிதம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது லீவு லெட்டர். பத்து வருஷமாக நடவுக்கும் அறுப்புக்கும் லீவு லெட்டர் எழுதியே கை பழகியிருந்தது. நடவு என்றால் லீவு கிடைக்காது என்பதால் பெரியம்மா சாவு என்று எழுதுவான். தமிழ்வாணன் ஒவ்வொன்றையும் படித்து, மேல்மூலையில் சிவப்பு மையில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடுவார். "அனுமதிக்கப்படுகிறது. பெரியம்மா இறப்பது இது மூன்றாவது முறை. அடுத்த முறை சித்தப்பாவை முயற்சிக்கவும்" என்று ஒருமுறை எழுதியிருந்தார். லீவு மட்டும் நிற்காமல் கிடைத்தது.

அதே அச்சில்தான் ராயபுரத்துக்கும் எழுதினான். பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. கொஞ்சம் பொய் கலந்து புகழ்வதாகத்தான் திட்டம். உட்கார்ந்தால் பொய் வரவில்லை. கண்ணால் பார்த்ததெல்லாம் வரிசையாக வந்தது. அவர்கள் நம்பும்படி பலமாக ஒன்று வேண்டுமே என்று கடைசிப் பாராவில் ஒரு விஷயத்தை எழுதினான். எழுதியதைத் திரும்பிப் படிக்க மனசு வரவில்லை. உறையில் போட்டு ஒட்டிவிட்டான். பெயர் போடவில்லை. அந்த மட்டுக்கும் தான் கெட்டிக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்தான், புதன்கிழமை வரைக்கும்.

புதன்கிழமையன்று, சனிக்கிழமைக்கு அரைநாள் லீவு கேட்டு டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்று லெட்டர் எழுதினான். வழியனுப்பு விழாவுக்கு மாலை வாங்கும் பொறுப்பை, அவன் ரொம்பப் பேசியதால், அவன் தலையிலேயே கட்டியிருந்தார்கள். "இப்படிக்கு" என்று எழுதி, பெயரை எழுதி, அதன் கீழே கை தானாகவே ஓடியது. டோக்கன் நம்பர் 217, பிரஸ் ஷாப்.

கை அங்கேயே நின்றது.

கம்பெனியில் டோக்கன் நம்பர் இல்லாத காகிதம் குப்பைக்கூடைக்குப் போகும். சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. பெயர்கூட மறந்துபோகலாம், நம்பர் மறக்காது. பத்து வருஷமாக "இப்படிக்கு" என்று எழுதிய எந்தக் காகிதத்திலாவது அவன் நம்பர் எழுதாமல் விட்டிருக்கிறானா? எல்லப்பன் கேண்டீன் மேஜையை, அந்தப் பேனாவை, அந்தக் காகிதத்தின் அடிப்பகுதியை நினைத்துப் பார்த்தான். "ஒரு ரசிகன்" என்று எழுதியது நினைவிருந்தது. அதற்குக் கீழே?

"இன்னா எல்லப்பா, பேயறைஞ்சவனாட்டம் நிக்கிற?" ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தமிழ்வாணன்.

"ஒண்ணுமில்ல மேனேஜரே. புழுதி."

தமிழ்வாணன் லெட்டரை வாங்கி, அவன் எழுதியதை வரிவரியாகப் படித்தார். கடைசி வரியில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றதாக எல்லப்பனுக்குத் தோன்றியது. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். "ஞாயித்துக்கெழம மைதானத்துல எல்லாருக்கும் ஒண்ணு படிச்சுக் காட்டப்போறேன். நீ கண்டிப்பா வந்துடு" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று எல்லப்பனால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவன் மனைவி லீலாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டான். "ஒரு ஆளைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதி, அவனை ஊரைவுட்டு அனுப்புனா அது தப்பா?"

லீலா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "நாலு வார்த்தையா, மூணு பக்கமா?"

எல்லப்பன் இறக்கிவைத்த டிபன் கேரியரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான்.

"ஜூலை மாசம் புள்ள நோட்டுலேந்து மூணு தாளைக் கிழிச்சிகினு போனது நீதானே? சுப்பராயன் சொன்னது ஊரெல்லாம் வந்ததும் எனக்குப் புரிஞ்சிபோச்சி. நல்லதை எழுதுறதுக்குக் கூட ஒனக்கு ஒருத்தன் மேல கோவம் வரவேண்டிகீதே, அதான் எனக்கு ஆச்சரியம்."

"ஞாயித்துக்கெழம ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கட்டா?"

"மாலை ஒன்கிட்டதான் கீது" என்றாள் லீலா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரை மைதானத்தில் மைக் செட் கட்டியிருந்தார்கள். வழியனுப்பு முடிந்ததும் சேரப்பணஞ்சேரியோடு ஒரு நட்பு ஆட்டம், சாயங்காலம் தமிழ்வாணனுக்கு பஸ். இரண்டு பெஞ்ச்காரர்களும் வந்திருந்தார்கள், ஏட்டும் லுங்கியில் வந்திருந்தார். கங்கம்மாள் பாய்லரையே தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் கடை போட்டுவிட்டாள். எல்லப்பன் மாலையோடு வந்தவன், தூரத்தில் கோபால் நிற்கிறார் என்று நினைத்து இரண்டு முறை வணக்கம் வைத்தான். பக்கத்தில் போனால் அது சைக்கிளில் சாத்தியிருந்த புண்ணாக்கு மூட்டை.

பேசியவர்களெல்லாம் தங்களைப் பற்றியே பேசினார்கள். கோபால், குழுவின் எதிர்காலம் தன் தோளில் பத்திரமாக இருக்கும் என்று கால் மணி நேரம் பேசினார். கடைசியில் தமிழ்வாணன் மைக்கைப் பிடித்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"எனக்குப் பேச வராது" என்றார். "திட்டத்தான் வரும், அது ஒங்களுக்கே தெரியும். ரோவர்ஸ் செக்ரட்டரி என்கிட்ட ஒரு லெட்டர் குடுத்தாரு. என்னை எடுத்துக்கச் சொல்லி நம்ம ஊர்லேந்து ஒருத்தரு எழுதுனது. அதை மட்டும் படிக்கிறேன்."

எல்லப்பன் கூட்டத்தின் பின்வரிசைக்கு நழுவப் பார்த்தான். பின்னால் லீலா நின்றிருந்தாள்.

தமிழ்வாணன் படித்தார்.

"பொருள்: மண்ணூர் பாய்ஸ் மேனேஜர் தமிழ்வாணனைத் தங்கள் குழுவில் எடுத்துக்கொள்ளக் கோருதல் தொடர்பாக. மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி தமிழ்வாணன் பன்னிரண்டு வருடங்களாக எங்கள் மேனேஜர். எங்களிடம் பந்து இரண்டு. ஒன்றில் காற்று நிற்காது. அதை வைத்துக்கொண்டே பதினோரு பேரை ஆடவைக்கிறார். சனிக்கிழமை நைட் ஷிப்ட் விழுந்த ஆட்டக்காரர்களுக்கு ஷிப்டை மாற்றி எழுதுவார். அதற்காக மேலே திட்டு வாங்குவார். எங்களிடம் சொல்லமாட்டார்."

கூட்டத்தில் சிரிப்பு. கம்பெனி மேலதிகாரிகள் யாராவது இருக்கிறார்களா என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"தோற்ற அன்று எங்களோடு நின்று திட்டுவார். ஜெயித்த அன்று தேடினால் கிடைக்கமாட்டார். ஊர் எங்களைத் தோளில் தூக்கட்டும் என்று வீட்டுக்குப் போய்விடுவார். மழைக்காலத்தில் மைதானத்தில் தண்ணீர் நின்றால், விடிவதற்குள் தனியாக வந்து மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி ஏரிக்குத் தள்ளுவார். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கங்கம்மாள் பாய்லர் மூடியை மூடிவிட்டு நிமிர்ந்து நின்றாள். எல்லப்பன் தன் வார்த்தைகளை முதல்முறையாகக் காதால் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த மனிதரை விரட்டுவதற்கு எழுதியது. ஆனால் ஒரு வரியிலும் பொய் இல்லை. இத்தனையும் பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்திருந்தும் ஒரு நாள், ஒரு டீ குடிக்கிற நேரத்தில்கூட, அவரிடம் இதைச் சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"கடைசியாக ஒன்று. எங்கள் கோல்கீப்பர் எல்லப்பன் என்பவரைச் சென்ற வாரம் நீக்கினார். எல்லப்பன் அவருடைய சிநேகிதன். முட்டி போய்விட்டது. அவன் நின்றால் டீம் தோற்கும். அது ஊருக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், ஆனால் ஒப்புக்கொள்ளமாட்டான். அப்படிப்பட்டவனிடம் நேரில் போய்ச் சொன்னார் அல்லவா, அந்தத் தைரியம் வேறு எவனுக்கும் வராது. ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து மேற்படியாரை எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, ஒரு ரசிகன்."

தமிழ்வாணன் காகிதத்தின் அடிப்பகுதியை ஒரு கணம் பார்த்தார். பிறகு மடித்துவிட்டார். நம்பரைப் படிக்கவில்லை.

எல்லப்பன் விட்ட மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் கூட்டம் கொதித்துவிட்டது. மேனேஜர் போவதா வேண்டாமா என்பதெல்லாம் காணாமல் போய், "எல்லப்பனுக்கு முட்டி போச்சின்னு எழுத எவனுக்குடா தெகிரியம்?" என்று இரண்டு பெஞ்சும் முதல்முறையாக ஒன்று சேர்ந்துகொண்டன. கோபால் மைக்கைப் பிடுங்கினார்.

"நம்ம எல்லப்பனை எவனோ அசிங்கப்படுத்திக்கிறான்! அவன் எவனா இருந்தாலும் கைய ஒடிப்பேன்! புது மேனேஜரா நான் சொல்றேன், இன்னிக்கு மேட்ச்லேந்து கோல்ல எல்லப்பன்தான்! டேய் ரகு, கிளவுசைக் கழட்டு!"

கைதட்டலில் ஏரிக் கொக்குகள் எழுந்து பறந்தன. ரகு கையுறைகளைக் கழற்றிக் கொண்டுவந்து எல்லப்பன் கையில் வைத்தான். காலையிலிருந்து போட்டிருந்ததால் உள்ளே சூடு இருந்தது. கொடுத்துவிட்டு, வெறும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுக்கு வெளியே போய் நின்றான். ஜூலை மாதம் தான் நின்ற அதே இடம் என்பது எல்லப்பனுக்குத் தெரிந்தது.

அவன் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தமிழ்வாணன் போகிறார், கோபால் வந்துவிட்டார், கையுறை கையில் இருக்கிறது, டோக்கன் நம்பர் மடித்த காகிதத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். எல்லப்பனால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. நேராக நடந்துபோய் மைக்கைப் பிடித்தான்.

"லெட்டரை எழுதுனது நான்தான்."

கங்கம்மாள்தான் முதலில் கேட்டாள். "ஒன் முட்டி போச்சின்னு நீயே எழுதுனியா?"

"ஆமாம்மா."

"எதுக்குடா?"

"மேனேஜரை ஊரைவுட்டு அனுப்பத்தான். என்னை நிறுத்திட்டாரேன்னு கோவம்."

ஒருத்தரும் நம்பவில்லை. "பார்த்தீங்களாப்பா!" என்று கோபால் தழுதழுத்தார். "எவனோ ஒரு பயலைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில போட்டுக்கிறான். எல்லப்பன் மனசு யாருக்கு வரும்?" கூட்டம் மறுபடியும் கைதட்டியது. எல்லப்பன் தலையில் அடித்துக்கொண்டு, "நான்தாம்பா, சத்தியமா நான்தாம்பா" என்று கெஞ்சினான். கெஞ்சக் கெஞ்சக் கைதட்டல் பெரிதாகியது.

கடைசியில் தமிழ்வாணன் காகிதத்தைப் பிரித்து, எட்டி மைக்கில் ஒரு வரி படித்தார். "டோக்கன் நம்பர் இருநூத்திப் பதினேழு. பிரஸ் ஷாப்."

கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர்களும் உண்டு. நாமாக இருந்தாலும் நம்பரை எழுதித்தான் தொலைத்திருப்போம் என்பது ஒவ்வொருத்தனுக்கும் தெரிந்திருந்தது. தன் தங்கை கல்யாணப் பத்திரிகையில் டோக்கன் நம்பரோடு பெயர் அச்சடித்தவன்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தான்.

"கோபாலு, கைய ஒடிக்கிறேன்னியே, வாப்பா" என்றாள் கங்கம்மாள். "தோ நிக்கிறான்."

கோபால் மைக்கின் ஒயரைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

எல்லப்பன் கோட்டுக்கு வெளியே போய் ரகுவின் கையில் கையுறைகளை வைத்தான். "நீயே நில்லுப்பா. எடது பக்கம் கொஞ்சம் தள்ளி நில்லு, சேரப்பணஞ்சேரிக்காரன் அங்கதான் அடிப்பான்" என்றான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ரகு இடது பக்கம் இரண்டு பந்துகளைத் தடுத்தான்.

சாயங்காலம் கூட்டு ரோட்டில் பஸ் ஏறும்போது தமிழ்வாணன் எல்லப்பனிடம் கைகொடுக்கவில்லை. மூன்று தாள்களையும் மடித்து அவன் சட்டைப் பையில் சொருகினார். "சாங்ஷன் பண்ணிட்டேன். அப்புறமா படி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார். பஸ் கிளம்பியது.

எல்லப்பன் காகிதத்தைப் பிரித்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். மேல்மூலையில், லீவு லெட்டர்களில் இருக்கும் அதே இடத்தில், அதே சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"எழுதியது உண்மை. ஒரு திருத்தம். முட்டி நன்றாக இருக்கிறது. கெட்டது கண். ஜூலையில் விழுந்த மூன்று கோலும் தூரத்திலிருந்து அடித்தவை. பந்து பக்கத்தில் வரும்வரை உனக்குத் தெரியவில்லை. கண் என்று சொன்னால் பிரஸ் ஷாப்பிலிருந்து உன்னைத் தூக்கிவிடுவார்கள் என்பதால் காரணம் சொல்லவில்லை. திட்டுவாய் என்று தெரியும், பரவாயில்லை. பூந்தமல்லியில் கண் டாக்டரைப் பார்த்துக் கண்ணாடி போடவும். அதற்குத் திங்கட்கிழமை ஒரு நாள் லீவு அனுமதிக்கப்படுகிறது. காரணம்: சித்தப்பா சாவு."

கீழே கையெழுத்து. சனிக்கிழமைத் தேதி, அவருடைய கடைசி வேலைநாள்.

எல்லப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையைத் தூக்கினான். ரோட்டில் தூரத்தில் பெரிதாக ஏதோ போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையையும் உயரத் தூக்கி, விடாமல் ஆட்டினான். கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"ணா" என்றான் பக்கத்தில் நின்ற ரகு, தயங்கித் தயங்கி. "அது சிமெண்ட் லாரிணா. பஸ்சு அப்பவே திரும்பிட்ச்சி."

"இந்தப் புழுதில..." என்று ஆரம்பித்த எல்லப்பன் நிறுத்திக்கொண்டான். கையைக் கீழே இறக்கினான். காகிதத்தை மறுபடி மடித்துப் பையில் வைத்தான்.

"பூந்தமல்லிக்குக் காலைல மொத பஸ்சு எத்தினி மணிக்குடா?" என்றான். "நீயும் வா. போர்டு படிக்க ஆளு வேணும்."